மீனுக்கும் ராத்திரின்னு ஒண்ணு உண்டு, மருமவனே

மருமவனே, ஓம் புது வீட்டு ஹால்ல இருக்க மீன் தொட்டிய நானும் பாத்துட்டுத்தான் வந்தேன். அடேயப்பா! எம் மவள ஒனக்குக் கட்டிக் குடுத்தப்பம் பந்தல்ல கட்டுன சீரியல் லைட்டு கூட அம்புட்டுக் கூசலலே. மேல வெள்ளப் பட்டை ரெண்டு, பின்னால நீலப் பட்டை ஒண்ணு, அடியில செவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுத உருண்டை ஒண்ணு. எதுக்குலே இம்புட்டுன்னு கேட்டா, ‘மீனுக்கு அழகா இருக்கும் மாமா’ங்கே. மீனு ஒங்கிட்ட வந்து கேட்டுச்சாக்கும்? எனக்கு அழகா இருக்குன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். ஓம் ஆசைக்கு மீன் பேர்ல பில்லு போடாத.

இந்தக் கெழவனுக்கு மீனப் பத்தி என்ன தெரியும்னு நீ மனசுக்குள்ள கேக்கது எனக்கு இங்கன கேக்கு. கொழம்புல கெடந்தா தெரியும், அது ஒண்ணு. மழ பொய்ச்ச காலத்துல கலர் மீனு வளக்குத பண்ணையில ராக்காவலுக்குப் போனவன் நான், அது ரெண்டு. மொத நாளே மொதலாளி சத்தியம் வாங்கிட்டாரு, ‘திருடன் வந்தா அவன் மூஞ்சியில டார்ச் அடி, தண்ணிக்குள்ள மட்டும் அடிச்சிராத’ன்னு. இதுக்கெல்லாம் மேல, பெரியவ பெத்த பேத்தி தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிக்கால்லா. லீவுக்கு வந்தா எனக்கு வாத்தியாரு அவதான். நான் சொல்லுததுல பாதி அவ சொன்னது. எந்தப் பாதின்னு கேக்காத.

மொதல்ல இதக் கேளு. ஓம் தொட்டியில இருக்க எந்த மீனுக்கும் கண்ணுல இமை கெடையாது. மூடிக்கிட வழியில்ல. நமக்குக் கண்மணி சுருங்கி வெளிச்சத்தக் கொறச்சுக்கிடும். அந்த வித்தையும் மீனுல முக்காவாசிக்கு வராது. இருட்டுல இருந்து வெளிச்சத்துக்குப் பழகணும்னா, விழித்திரைக்குள்ள இருக்க செல்லுக எடம் மாறி நகரணும். அதுக்கு அரை மணி நேரம் ஆகும், அதுக்கு மேலயும் ஆகும். நீ என்ன செய்யுதே? நடுச்சாமத்துல தண்ணி குடிக்க எந்திரிச்சு, மீனு தூங்குதான்னு பாக்க பட்டுனு சுவிட்ச அமுக்குதே. அதுக அரண்டு போயி துள்ளுது, கண்ணாடியில மோதுது, மூடி இல்லேன்னா தரையில வந்து விழும். பண்ணை மொதலாளி டார்ச்சுக்குப் பயந்தது இதுக்குத்தான். தூங்குத ஒன்ன எழுப்பித் தூங்குதியான்னு கேட்டா நீ என்ன வார்த்தை சொல்லுவேன்னு எம் மவகிட்ட கேட்டு வச்சிருக்கேன். சபையில சொல்லக்கூடிய வார்த்தை இல்ல அது.

சரி, கண்ணு ஒருபக்கம் கெடக்கட்டும். மீனுக்கு உச்சந்தலையிலயும் வெளிச்சம் தெரியும்ங்கா பேத்தி. மூளைக்கு மேல, மண்டையோட்டுக்கு அடியில, பினியல்னு ஒரு சின்ன உறுப்பு இருக்காம். மீனுக்கு மண்டையோடு மெலிசு, வெளிச்சம் அது வழியா உள்ள எறங்கிரும். கார்ல் வான் ஃபிரிஷ்னு ஆஸ்திரியாவுல பொறந்த ஒரு பெரிய மனுசன். தேனீ ஆடுத ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்சு 1973-ல நோபல் பரிசு வாங்குனவரு. அதுக்கு ரொம்ப முந்தி, 1911-லயே, பார்வை போன மீனோட தலையில வெளிச்சம் பட்டா அதோட ஒடம்பு நெறம் மாறுதுன்னு எழுதி வச்சிட்டாரு. மெக்சிகோவுல குகைத் தண்ணியில கண்ணே இல்லாத மீனு ஒண்ணு இருக்கு. அதோட குஞ்சு கூட மேல நெழல் விழுந்தா கண்டுக்கிடும். அப்பம் கண்ணு இல்லாததுக்கே வெளிச்சம் ஒறைக்குன்னா, கண்ணு மூட முடியாததுக்கு எப்படி இருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. எஞ்சினியருல்லா நீ.

அந்த பினியலுக்கு ராத்திரி ஒரு சோலி இருக்கு. இருட்டு வந்தா மெலடோனின்னு ஒரு சாமானச் சுரக்கும். ராத்திரி ஆச்சு, அடங்குன்னு ஒடம்பு பூரா தகவல் சொல்லுதது அதுதான். விடிஞ்சா நின்னு போகும். ஓம் தொட்டியில விடியத்தான் செய்யுது, இருட்டத்தான் காணும். காலையில ஆபீசுக்குப் போகும்போது போட்டுட்டுப் போற வெள்ள லைட்டு, நீ வந்து சாப்பிட்டு சீரியல் பாத்துப் படுக்கது வரைக்கும் எரியுது. அதுக்குப் பொறவு நீல லைட்டு.

அந்த நீல லைட்டுக்கு ‘மூன்லைட்’னு பேரு வச்சு ஓந்தலையில கட்டியிருக்கான் கடைக்காரன். பௌர்ணமி நிலாவே தரையில 0.3 லக்ஸுக்கு மேல வெளிச்சம் தராது மருமவனே. பெர்லின்ல பெர்ச்சுன்னு ஒரு நன்னீர் மீன வச்சுப் பாத்து 2015-ல எழுதியிருக்காவ. ராத்திரி வெறும் 1 லக்ஸ் வெளிச்சம் போட்டதுக்கே அந்த மெலடோனின் அமுங்கிப் போச்சாம். பயத்துல கூடுத கார்ட்டிசால் மட்டும் கூடலைன்னும் பேத்தி சொன்னா. ஒன்னத் திட்டுததுக்காக அத மறைக்க மாட்டேன். படபடப்பு இல்ல, ஆனா ராத்திரி வந்ததே ஒடம்புக்குத் தெரியல. ஊருல நிலான்னா தேயும், வளரும், அமாவாசையில காணாமலே போகும். ஓம் வீட்டு நிலாவுக்கு அமாவாசையே கெடையாதாக்கும்? கரெண்டு போனாத்தான் ஓம் மீனுக்கு நிம்மதி. மின்வாரியத்த நீ திட்டுதப்ப அதுக கும்பிட்டுக்கிட்டுல்லா இருக்கும்!

‘லைட்டப் போட்டா மீனெல்லாம் ஓடி வருதே மாமா, பிடிக்காமலா வருது’ன்னு ஒரு கேள்வி கேட்டியே, அன்னைக்கே சிரிப்ப அடக்கிக்கிட்டேன். கடல்லயும் ஓடித்தான் வரும். வந்ததெல்லாம் வலைக்குள்ள போகும். அதனாலதான் லைட்டு போட்டுக் கடல் மீன் பிடிக்கக் கூடாதுன்னு 2017-ல மத்திய அரசு தடையே போட்டுச்சு. அதோட, ஓம் தொட்டியில லைட்டு எரிஞ்ச கையோட நீ தீனியத் தூவுதே. ஓடி வாரது எதுக்குன்னு இனிமேதான் யோசிக்கணுமா?

இப்பம் ஓம் நியான் டெட்ரா கதைக்கு வாரேன். ராத்திரி பாக்கும்போது அந்த நீலக் கோடு மங்கிப் போயி, ஒடம்பு வெளுத்துக் கெடந்துச்சுன்னு வெள்ளப்புள்ளி நோய்க்கு உண்டான மருந்த ஊத்துனியாமே. அது நோயி இல்லலே, ராத்திரி! இருட்டுனா அதோட நெறம் மங்கும், காலையில வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்துல திரும்பி வரும். நல்லாருந்த மீனுக்கு வைத்தியம் பாத்த ஒரே ஆளு எங்க வம்சத்துல நீதான். அதோட சொந்த ஊரு அமேசான் காடு. மேல மரம் அடைச்சிருக்கும், விழுந்த எல ஊறித் தண்ணி டிக்காஷன் நெறத்துல கெடக்கும். அந்த அரையிருட்டுல ஒண்ணையொண்ணு கண்டுக்கிடத்தான் அதுக்கு ஆண்டவன் மினுங்குத கோடு குடுத்துருக்கான்னு பெரியவுக சொல்லுதாவ. நீ அதத் தூக்கி வெள்ளக் கல்லு பரப்புன தொட்டியில விட்டு, மேல இருந்து ரெண்டு பட்டை அடிக்கே. கீழ இருக்க வெள்ளக் கல்லு அந்த வெளிச்சத்தத் திருப்பி வயித்துல அடிக்கும். தரை வெளுப்பா இருந்தா மீனும் வெளுக்கும். எடத்துக்குத் தக்கன நெறம் மாத்திக்கிடுதது அதுக்கு உயிர் பொழைக்கத் தெரிஞ்ச வழி. பொறவு நெறமே இல்லன்னு கடைக்காரன ஏசுதே.

ஒதுங்க நெழல் குடு மருமவனே. மேல மிதக்குத செடி ரெண்டு போடு, மூலையில ஒரு கட்டையப் போடு, கறுப்போ பழுப்போ மணல் பரப்பு. வாதாங்கொட்டை மரத்து எல காய்ஞ்சது ரெண்டு போட்டா தண்ணி லேசாப் பழுப்பேறி வெளிச்சத்த மட்டுப்படுத்தும். டெட்ராவுக்கும் ஃபைட்டருக்கும் அது ரொம்பப் பிடிச்ச தண்ணி. இந்த எலையத்தான் நீ ஆன்லைன்ல பாக்கெட்டு போட்டு வாங்குனியாமே! ஓம் தெருமுனையில அந்த மரம் நிக்குலே. காலையில கூட்டுத அம்மா கூடை கூடையா அள்ளிக் கொட்டுதாவ. கேட்டா காசு குடுத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுவாவ.

ஃபைட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது. தாய்லாந்துக்காரங்க அத 2019-ல தேசிய நீர்விலங்குன்னு அறிவிச்சுக் கொண்டாடுதாவ. ஓம் வீட்டுல அது கண்ணாடியோட சண்டை போட்டுச் சாகுது. ஏன்னு பாத்தியா? ஹால் லைட்ட அணைச்சுட்டு, தொட்டி லைட்ட மட்டும் பளிச்சுன்னு எரிய விடுதே. வெளிய இருட்டு, உள்ள வெளிச்சம். அதுக்குக் கண்ணாடியில அதோட மூஞ்சியே தெரியுது. எவனோ எம் எடத்துக்கு வந்துட்டான்னு செவுள விரிச்சுக்கிட்டு மணிக்கணக்கா மல்லுக்கு நிக்கு. நீ அதப் போன்ல படம் எடுத்து, ‘சூப்பரா டான்ஸ் ஆடுது’ன்னு அனுப்புதே. ஹால்ல ஒரு சின்ன லைட்டு எரியட்டும், தொட்டி வெளிச்சத்தக் கொற. பக்கத்து வீட்டுக்காரன் தானா காணாமப் போயிருவான்.

கப்பி இருக்கே, நாம கொசுப் புழு திங்கதுக்குத் தொட்டியில விடுத கப்பிதான், அது ட்ரினிடாடு தீவு, தென்னமெரிக்கா ஓடைகள்ல பொறந்தது. ஜான் எண்ட்லர்னு ஒருத்தரு அந்த ஓடைக்கரையில உக்காந்து பாத்துச் சொல்லியிருக்காரு. ஆம்பளக் கப்பி பொம்பள முன்னால வளைஞ்சு நெளிஞ்சு ஆட்டம் போடுதது கருக்கல்லயும் அந்தி மயங்குத நேரத்துலயும்தானாம். உச்சி வெயில்ல ஆடுனா, அதத் திங்கப் போற பெரிய மீனும் வேடிக்கை பாக்குமே! கப்பி எப்படியும் குட்டி போட்டுத் தள்ளும், அது வேற விசயம். ஆனா ஓம் தொட்டியில கருக்கலுமில்ல அந்தியுமில்ல. வெளக்க எப்பம் அணைக்கணும்னு தெரியாத வீட்டுல என்ன காதல் வெளங்கும்? இதுக்கு மேல மாமன் சொன்னா நல்லாருக்காது.

கங்கைச் சமவெளி ஓடையிலயும் வயல் தண்ணியிலயும் கெடக்க நம்ம நாட்டுச் சீப்ரா மீனுக்கும் இதே கணக்கு. விடிஞ்சு மொத வெளிச்சம் படுத நேரத்துலதான் முட்டை போடும். உலகம் பூரா ஆராய்ச்சிக் கூடத்துல அத வளக்காவ, பெரும்பாலும் 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டுன்னு வச்சிருக்காவ. காசு கொட்டி ஆராய்ச்சி பண்ணுதவனே 10 மணி நேரம் லைட்ட அணைக்கான். ஒனக்கு மட்டும் கை வர மாட்டேங்கு.

இதையெல்லாம் கத விடுதேன்னு நெனச்சேன்னா, கோமாளி மீனு சங்கதியக் கேளு. ‘நீமோ’ன்னு புள்ளைகள் கூப்பிடுமே, அந்த ஆரஞ்சு மீனு. நம்ம மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சிக்காரங்க அதத் தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வச்சிருக்காவ. அதுல அப்பன் மீனுதான் முட்டைக்குப் பக்கத்துல நின்னு செட்டையால வீசி வீசிக் காவல் காக்கும். நீ எம் பேரனத் தொட்டில்ல ஆட்டுனத நான் பாத்ததில்ல, அது போகட்டும். அந்த முட்டை பொழுது அடைஞ்சு இருட்டுன பொறவுதான் பொரியும். ஆஸ்திரேலியாவுல ஒரு கூட்டத்து முட்டைக்கு ராத்திரியும் மெல்லிசா எல்.இ.டி. எரிய விட்டுப் பாத்தாவ. 2019-ல முடிவு வந்துச்சு. ஒரு முட்டை கூடப் பொரியல. ஒண்ணு கூட இல்லலே! அப்பன் காவல் காத்தது அம்புட்டும் வீணு. லைட்ட எடுத்ததும் எப்பவும் போலப் பொரிஞ்சுச்சாம்.

வெளிச்சத்த வச்சு ஒடம்ப ஆட்டி வைக்கலாம்ங்கது தெரிஞ்சவன் அதக் கணக்காச் செய்யுதான். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக்கு 16 மணி நேர வெளிச்சம் குடுத்து முட்டை எடுக்கான். நார்வேக்காரன் குளிர்காலத்துல சால்மன் கூண்டுக்குள்ள லைட்ட எறக்கி, அது சீக்கிரம் பருவத்துக்கு வந்து வளத்தி நின்னு போகாமப் பாத்துக்கிடுதான். அவனுக்கு எப்பம் எரிக்கணும், எதுக்கு எரிக்கணும்னு தெரியும். நீ எதுக்கு எரிக்கேன்னு கேட்டா, சுவிட்சு பக்கத்துல இருக்குங்கே.

கலர் லைட்டுக்கு மயங்குனதையும் சொல்லிருதேன். கடையில ரோஸ் கலர் டியூப்புக்கு அடியில செக்கச்செவேல்னு நின்ன ஃப்ளவர்ஹார்ன வீட்டுக்குக் கொண்டு வந்தா சாம்பப் பூத்துக் கெடக்குன்னு பொலம்புனே. ஜவுளிக்கடையில சேலைய வெளிய வெயிலுக்குக் கொண்டு போயிப் பாத்து வாங்குவா எம் மவ. அந்தப் புத்தி அவ புருசனுக்கு இல்ல. அடுத்து ‘வாஸ்து மீனு’ன்னு அரோவானா வாங்கப் போறேன்னு வேற கேள்விப்பட்டேன். அதுக்கு நெறம் ஏத்தணும்னு மணிக்கணக்கா லைட்டுக்கடியில வாட்டி எடுக்குத ஆளுக இருக்காவ. நாம கறுத்துப் போயிரக் கூடாதுன்னு கொடை பிடிப்போம், மீனு மட்டும் கறுக்கணும், செவக்கணும். வாஸ்து அதுக்கும் பாக்கணும்லா மருமவனே?

பாசிக்கு வாரேன். வாரா வாரம் கண்ணாடியத் தேய்ச்சு முதுகு போச்சுங்கே. பாசிக்குத் தீனி ரெண்டு: நீ அள்ளிக் கொட்டுத உணவு மக்கி வார சத்து ஒண்ணு, வெளிச்சம் ஒண்ணு. ரெண்டையும் நீயே ஊட்டி வளத்துட்டு அத ஏசுனா எப்படி? ஜன்னல் வெயில் படுத எடத்துல தொட்டி இருக்கது இன்னும் மோசம். தண்ணி பச்சையாகும், சூடும் ஏறும். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணியில 8 மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும்; 35 டிகிரிக்குப் போனா 7-தான். சித்திர மாசத்துல மீனு மேல வந்து வாயப் பொளந்தா, ஒங்கிட்ட பேச வருதுன்னு நெனச்சிராத. எடத்த மாத்து. ராத்திரி லைட்ட அணைச்சா செடியும் மீனோட சேந்து ஆக்சிஜன எடுக்கும், அதனால ஏர் பம்ப மட்டும் நிறுத்திராத.

மாமன் சொல்லிட்டாருன்னு நாளைக்கே கம்பளியப் போட்டுத் தொட்டிய மூடிருவே, ஒன்ன எனக்குத் தெரியும். அதுவும் தப்பு. வெளிச்சமே காணாமக் கெடந்தா கோல்டு ஃபிஷ்ஷோட பொன் நெறம் வெளிறிப் போகும். செடி அழுகும். கண்ணால பாத்துத் திங்க மீனுக்கு எரை தெரியாது. பகலும் வேணும், ராத்திரியும் வேணும். ஒரே நேரத்துல வரணும், ஒரே நேரத்துல போகணும். அம்புட்டுத்தான் கேக்கு அது.

அதுக்கு டைமர்னு ஒரு சாமான் எலெக்ட்ரிக் கடையில கெடைக்கு. ரெண்டு பிரியாணி காசு வராது. மத்தியானம் 2 மணிக்கு எரிஞ்சு ராத்திரி 10 மணிக்கு அணையுத மாதிரி வை. 8 மணி நேரம் செடிக்குத் தாராளம், ஆபீஸ் விட்டு வந்து நீ பாக்கதுக்கும் ஆச்சு. பகல்ல ஹால்ல இருக்க வெளிச்சமே மீனுக்குப் போதும். தொட்டி லைட்டு எரியும்போது ரூம் இருட்டாக் கெடக்கக் கூடாது. ராத்திரி மொதல்ல தொட்டி லைட்டு அணையட்டும், ஹால் லைட்டு கொஞ்ச நேரம் கழிச்சு. அந்தக் கறுத்த டேங்க் கிளீனருக்கு மட்டும் லைட்டு அணைஞ்ச பொறவு தீனி போடு. ராத்திரி நடமாடுத சாதி அது. மத்த மீனுக்கு இல்லாத கொடுப்பினை அதுக்கு உண்டு, வெளிச்சம் கூடுனா கண்மணிக்கு மேல ஒரு மடிப்பு எறங்கி மறைச்சுக்கிடும். பெருசாயிட்டுன்னு அதக் கொண்டு போயி ஆத்துலயோ கொளத்துலயோ விட்டேன்னா மட்டும் எனக்குக் கெட்ட கோவம் வரும். இங்கன வலை போடுதவன் ஏற்கெனவே அதக் கழத்தி எறிஞ்சு கை நொந்து போயிக் கெடக்கான்.

மின்னுத உருண்டைய எடுத்துப் பேரனுக்கு வெளையாடக் குடு. நீல லைட்ட நிறுத்திரு. மேல இருக்க வெள்ளப் பட்டை ரெண்டுல அந்தத் தொட்டிக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணக் கழத்தி, அடுத்து யாராவது ஊருக்கு வந்தா குடுத்து விடு. தொழுவுல செனப்பசு நிக்கு, கன்னு போடுத நேரத்துல பாக்க நல்ல வெளக்கு இல்லன்னு ஒங்க அத்தை ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கா.